எக்ஸாஸ்ட் கேஸ்கெட் ஏன் திரும்பத் திரும்பப் போகிறது? டாட்சன் 240இசட் பற்றிச் சில குறிப்புகள்

ஒரு கேஸ்கெட் பத்து வருஷம் உழைத்துவிட்டுப் போனால் அதற்கு வயதாகிவிட்டது என்று விட்டுவிடலாம். அதே இடத்தில் வருஷா வருஷம் போனால்? அப்போது கேஸ்கெட்டைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆட்டோமொபைல் ஆள் இல்லை. படித்தது பி.இ., சோறு போடுவது சாஃப்ட்வேர். அமெரிக்காவில் இருக்கும் கல்லூரி நண்பன் ஒருவனிடம் 1972 மாடல் டாட்சன் 240இசட் இருக்கிறது. மூன்று வருஷத்தில் நாலு எக்ஸாஸ்ட் கேஸ்கெட் மாற்றிவிட்டான். "எந்த பிராண்ட்டுடா நல்லது?" என்று கேட்டான். அதற்குப் பதில் தேடப் போய்ச் சேர்ந்தவைதான் இந்தக் குறிப்புகள். பதிலைச் சுருக்கமாகச் சொன்னால்: பிராண்ட் என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, "அங்கே எது நகர்கிறது?" என்பது.

சர்வர் அடிக்கடி தொங்குகிறது என்றால் ரீஸ்டார்ட் பண்ணிவிட்டுப் போவது ஒரு வழி. எதனால் தொங்குகிறது என்று லாகைத் திறந்து பார்ப்பது இன்னொரு வழி. கழற்றிய பழைய கேஸ்கெட்தான் இங்கே லாக். அதைக் குப்பையில் போடுவதற்கு முன் படிக்கத் தெரிய வேண்டும்.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம்

1969 அக்டோபரில் நிஸான் நிறுவனம் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் அறிமுகப்படுத்திய கார் இது. அமெரிக்காவில் டாட்சன் 240இசட் என்ற பெயரில் விற்றது. அங்கே நிஸானின் விற்பனையைக் கவனித்துக்கொண்டிருந்த யுடாகா கட்டயாமா இந்தக் கார் உருவாகக் காரணமானவர்களில் முக்கியமானவர். ஆரம்ப விலை 3,526 டாலர். அந்த விலைக்கு ஆறு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். இன்றும் இதைப் பராமரித்து ஓட்டுகிறவர்கள் நிறைய.

எஞ்சினின் பெயர் எல்24. 2,393 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், அதன் மேல் அலுமினிய ஹெட். இதே குடும்பத்தில் நாலு சிலிண்டர் எல்16 எஞ்சின் ஒன்று உண்டு. டாட்சன் 510 காரில் வந்தது, 1,595 சிசி. இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 83 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 73.7 மி.மீ. 1,595-ஐ ஒன்றரையால் பெருக்கிப் பாருங்கள், 2,393 வந்துவிடும். அதாவது நாலு சிலிண்டர் எஞ்சினோடு இன்னும் இரண்டு சிலிண்டரை வரிசையில் சேர்த்தால் எல்24. இந்தக் கணக்கு பின்னால் உதவும்.

இன்னொரு முக்கியமான விஷயம். இந்த எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழி, புகை வெளியே வரும் வழி இரண்டுமே ஹெட்டின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மேலே அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டு, அதில் இரண்டு கார்புரேட்டர். அதற்கு நேர் கீழே வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. பன்னிரண்டு துளைகளுக்கும் சேர்த்து நீளமாக ஒரே கேஸ்கெட். அலுமினிய ஹெட், அலுமினிய இன்டேக், இரும்பு எக்ஸாஸ்ட் ஆகிய மூன்றும் ஒரே கேஸ்கெட்டில் வந்து சேர்கின்றன.

கேஸ்கெட் செய்யும் வேலை

நம்மூர் ஒர்க்‌ஷாப்பில் கேஸ்கெட்டைப் 'பேக்கிங்' என்றும் சொல்வார்கள். நல்ல பெயர்தான். இரண்டு உலோக முகங்களை எவ்வளவு சமமாகச் சீவினாலும் நடுவில் நுண்ணிய மேடு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளங்களை நிரப்புவதுதான் இதன் வேலை. அதற்கு இரண்டு நிபந்தனை. ஒன்று, போல்ட்டுகள் அதைப் போதுமான அழுத்தத்தில் எப்போதும் பிடித்திருக்க வேண்டும். இரண்டு, இரண்டு முகங்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு அதிகம் நகரக் கூடாது.

சூடு மட்டுமே கேஸ்கெட்டைக் கொல்வதில்லை. எஃகுத் தகட்டின் மேல் கிராஃபைட் படிந்த கேஸ்கெட் இந்தச் சூட்டைத் தாங்கத்தான் செய்யப்படுகிறது. ஆனால் அழுத்தம் குறைந்தால் நெருப்புக் காற்று ஓர் ஓரத்தில் புகுந்து வெளியேறும். புகுந்த இடம் அரித்துக்கொண்டே அகலமாகும். கடைசியில் நம் கண்ணில் படுவது கருகிப்போன ஓட்டை. "கேஸ்கெட் எரிந்துவிட்டது" என்கிறோம். எரிந்தது பின்னால் நடந்தது. முன்னால் நடந்தது பிடி தளர்ந்தது.

சூட்டில் எது எவ்வளவு நீளும்?

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் போதும். ஒரு பொருளின் நீளம், அதன் விரிவுக் குணகம், வெப்பநிலை எவ்வளவு ஏறியது, இந்த மூன்றையும் பெருக்கினால் எவ்வளவு நீண்டது என்று தெரிந்துவிடும். வார்ப்பிரும்புக்குக் குணகம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 11 பங்கு. அலுமினியத்துக்கு சுமார் 23.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நீளத்தைக் கணக்குக்காக 550 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். குளிர்ந்த எஞ்சின் 20 டிகிரி. ஓடும்போது ஹெட்டைத் தண்ணீர் 90 டிகிரியில் நிறுத்திவைக்கும். மேனிஃபோல்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சராசரியாக 450 டிகிரி என்று எடுத்துக்கொள்வோம்.

ஹெட் நீள்வது: 550-ஐ 23-ஆலும் 70-ஆலும் பெருக்கிப் பத்து லட்சத்தால் வகுத்தால் சுமார் 0.9 மி.மீ.

மேனிஃபோல்டு நீள்வது: 550-ஐ 11-ஆலும் 430-ஆலும் பெருக்கிப் பத்து லட்சத்தால் வகுத்தால் சுமார் 2.6 மி.மீ.

வித்தியாசம் 1.7 மி.மீ. நடு இடம் நகராமல் நின்றால் ஒவ்வொரு கோடியும் ஏறக்குறைய 0.85 மி.மீ. வெளிப்பக்கமாகத் தள்ளும். வண்டியை ஒவ்வொரு தடவை எடுத்து ஓட்டி நிறுத்தும்போதும் முதல் சிலிண்டர் அருகிலும் ஆறாவது சிலிண்டர் அருகிலும் இரும்பு முகம் கேஸ்கெட்டின் மேல் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் போய்த் திரும்ப முயல்கிறது. நடுவில் மூன்றாவது, நாலாவது சிலிண்டர் அருகே இந்த அசைவு கொஞ்சம்தான்.

எல்16 கணக்கு இங்கேதான் வருகிறது. அதன் மேனிஃபோல்டு இதில் மூன்றில் இரண்டு பங்கு நீளம்தான், எனவே கோடிகளின் நகர்வும் அதே விகிதத்தில் குறைவு. இரண்டு சிலிண்டரைச் சேர்த்தபோது சக்தி மட்டும் ஒன்றரை மடங்கு ஆகவில்லை, இந்த இழுபறியும் ஒன்றரை மடங்கு ஆனது. நீளமான ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் கேஸ்கெட்டும் ஸ்டட்டும் பெரும்பாலும் முதல், கடைசித் துளைகளில்தான் போகின்றன என்பதற்குக் காரணம் இதுதான். இந்தக் காரை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் "முன்கோடி ஸ்டட் உடைந்துவிட்டது", "பின்கோடி ஸ்டட் உடைந்துவிட்டது" என்பார்கள். நடு ஸ்டட் உடைந்தது என்பவர்கள் அபூர்வம்.

சுருங்கும் இரும்பு

சரி, நீண்டது குளிர்ந்ததும் பழைய அளவுக்கு வந்துவிடும்தானே? வராது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

கோடி ஸ்டட்டுகளை இறுக்கி வைத்து மேனிஃபோல்டை நகர விடாமல் செய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீள வேண்டிய 1.7 மி.மீ. எங்கே போகும்? இரும்பு தனக்குள்ளேயே அமுங்கும். 550-இல் 1.7 என்பது 0.31 சதவீதம். வார்ப்பிரும்பின் மீள்தன்மைக் கெழுவை 110 கிகாபாஸ்கல் என்று எடுத்தால் 340 மெகாபாஸ்கல் அழுத்தம் வருகிறது. அந்தச் சூட்டில் சாதாரண கிரே காஸ்ட் அயர்ன் இதை முழுதாகத் தாங்கிக்கொண்டு மீளாது. கொஞ்சம் நிரந்தரமாக அமுங்கிவிடும். பிறகு எஞ்சின் குளிரும்போது, முன்பு இருந்ததை விடக் கொஞ்சம் குட்டையான மேனிஃபோல்டாகக் குளிரும். கோடி ஸ்டட்டுகளை உள்பக்கமாக இழுக்கும். ஐம்பது வருஷம் இப்படி நடந்தால் என்ன ஆகும்? கழற்றிய மேனிஃபோல்டைத் திரும்ப மாட்டும்போது கோடித் துளைகள் ஸ்டட்டோடு சேரவே சேராது.

நீளம் குறைவது பாதிக் கதை. மீதிப் பாதி வளைவு. மேனிஃபோல்டின் உள்முகம் தண்ணீர் ஓடும் ஹெட்டைத் தொட்டுக்கொண்டிருப்பதால் கொஞ்சம் குளிர்ச்சி. புகை திரண்டு ஓடும் வெளிப்பக்கம் அதிகச் சூடு. அதனால் வெளிப்பக்கம் அதிகமாக அமுங்குகிறது, குளிர்ந்தபின் அதிகமாகக் குறைகிறது. வெளிப்பக்கம் குட்டையானால் இரண்டு கோடிகளும் ஹெட்டை விட்டு விலகி வெளியே வளையும், காய்ந்த வாழைமட்டை வளைவது மாதிரி.

இப்படி வளைந்த மேனிஃபோல்டை எவ்வளவு உயர்ந்த கேஸ்கெட் போட்டு மாட்டினாலும் கோடிகளில் இருக்கும் ஸ்டட்டுகளின் பலத்தில் ஒரு பகுதி இரும்பை நிமிர்த்துவதிலேயே செலவாகிவிடும். கேஸ்கெட்டை அழுத்த மிச்சம் இருப்பது கொஞ்சம். ஆறு மாதத்தில் மறுபடி 'டிக் டிக்'.

ஒரு வாஷர், இரண்டு ஃபிளேஞ்ச்

இந்த எஞ்சினுக்கே உரிய இன்னொரு சிக்கல் இருக்கிறது. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் அக்கம்பக்கத்தில் இருப்பதால் பல ஸ்டட்டுகளில் ஒரு தடித்த வாஷர் ஒரே நேரத்தில் இரண்டின் ஓரத்தையும் பிடிக்கிறது. வாஷரின் மேல் பாதி இன்டேக் மேல், கீழ் பாதி எக்ஸாஸ்ட் மேல். இரண்டு ஃபிளேஞ்சின் தடிமனும் ஒன்றாக இருந்தால் அருமையான ஏற்பாடு. அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் வாஷர் சாய்ந்துவிடும். தடித்த பக்கம் முழு அழுத்தத்தையும் வாங்கிக்கொள்ளும், மெலிந்த பக்கம் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். நட்டை இன்னும் இறுக்கினால்? தடித்த பக்கம்தான் இன்னும் இறுகும்.

தொழிற்சாலையில் வந்தபோது இரண்டும் பொருந்தியிருக்கும். பிறகு யாராவது எக்ஸாஸ்டை மட்டும் கழற்றிச் சீவியிருப்பார்கள், அல்லது குழாய்களால் ஆன ஹெடர் ஒன்றை வாங்கி மாட்டியிருப்பார்கள். ஹெடரின் ஃபிளேஞ்ச் தடிமன் பழைய இன்டேக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நண்பனின் காரில் இதுதான் நடந்திருந்தது. முந்தைய உரிமையாளர் காலத்தில் மேனிஃபோல்டைச் சமப்படுத்தியிருக்கிறார்கள், இன்டேக்கைத் தொடவில்லை. வெர்னியரில் அளந்தபோது எக்ஸாஸ்ட் பக்கம் 0.4 மி.மீ. மெலிவு. பழைய கேஸ்கெட்டைப் பார்த்தால் இன்டேக் துளைகளைச் சுற்றி அழுத்தத் தடம் ஆழமாக, பளபளவென்று. எக்ஸாஸ்ட் துளைகளைச் சுற்றி மங்கலாக, கரி ஏறி. நாலு கேஸ்கெட்டும் அதே செய்தியைத்தான் சொல்லியிருக்கும்.

இதற்குத் தீர்வு இரண்டு. இரண்டு மேனிஃபோல்டையும் சேர்த்து வைத்து வாஷர் உட்காரும் பரப்பை ஒரே மட்டத்துக்குச் சீவலாம். அல்லது வித்தியாசத்துக்கு ஏற்ற படி வைத்து வாஷரைக் கடைசலில் செய்துகொள்ளலாம். இரண்டாவது எளிது, செலவும் குறைவு.

'டைட்' என்பது எத்தனை?

டார்க் ரெஞ்ச் காட்டுவது நட்டைத் திருப்பும் விசை. நமக்கு வேண்டியது ஸ்டட்டின் இழுவிசை. இரண்டுக்கும் நடுவில் உராய்வு நிற்கிறது. ஒரு உதாரணம்: 8 மி.மீ. ஸ்டட், 20 நியூட்டன்-மீட்டர். சுத்தமான, உலர்ந்த மரையில் உராய்வுக் காரணி 0.2 என்று வைத்தால் இழுவிசை 12.5 கிலோநியூட்டன். மரை துருப்பிடித்து 0.35 ஆகிவிட்டால் அதே 20-க்கு 7.1 கிலோநியூட்டன்தான். ரெஞ்ச் "கிளிக்" என்று சொல்லிவிடும், கேஸ்கெட் மேல் விழுந்தது கிட்டத்தட்ட பாதி அழுத்தம்.

மறுபுறம், துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று ஆன்டி-சீஸ் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசினால் காரணி 0.13 அளவுக்கு இறங்கலாம். அப்போது 19 கிலோநியூட்டன். சாதாரண 8.8 தர ஸ்டட்டின் எல்லைக்குப் பக்கத்தில் போய்விடுகிறோம், அலுமினிய ஹெட்டின் மரை உரிந்துவிடும் அபாயமும் உண்டு. உலர்ந்த மரைக்குச் சொன்ன எண்ணை எண்ணெய் பூசிய மரைக்கு அப்படியே பயன்படுத்தக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

பலமுறை சூடேறிக் குளிர்ந்த ஐம்பது வயது ஸ்டட்டுகளை மறுபடி போடுவதும் வீண் சிக்கனம். புது கேஸ்கெட்டோடு புது ஸ்டட், புது நட். விலை அதிகம் இல்லை.

கீழே இருந்து வரும் ஆட்டம்

மேனிஃபோல்டிலிருந்து கீழே இறங்கும் குழாய் சேரும் இடத்தில் இன்னொரு கேஸ்கெட் இருக்கிறது. இதுவும் அடிக்கடி போகும். ஆனால் காரணம் வேறு. இங்கே பிரச்சினை நெம்புகோல்.

எஞ்சின் ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் நிற்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பக்கவாட்டில் புரளும். சைலன்சர் குழாயோ காரின் உடலிலிருந்து ரப்பரில் தொங்குகிறது. ஒன்று ஆடும், மற்றது சும்மா இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முறிபடுவது அந்தக் குழாய் இணைப்பு. மவுண்ட் ரப்பர் நன்றாக இருந்தால் ஆட்டம் குறைவு. அரை நூற்றாண்டு எண்ணெய் குடித்து ஊறிய ரப்பர் என்றால் கேட்கவே வேண்டாம்.

எடையையும் கணக்கில் சேருங்கள். பிடிமானம் இல்லாத குழாய் 5 கிலோ, அதன் எடை மையம் இணைப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி என்றால் சுமார் 50 நியூட்டன்-மீட்டர் முறுக்கு அந்த ஃபிளேஞ்ச் மேல் நின்றபடியே விழுகிறது. மேடு பள்ளத்தில் அது பல மடங்கு. எனவே குழாயின் முதல் பிடிமானம் எஞ்சினோடோ கியர்பாக்ஸோடோ சேர்ந்து ஆடும் இடத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உடலிலிருந்து தொங்கும் ரப்பர்கள். பழைய கார்களில் அந்த முதல் பிராக்கெட் எந்த சர்வீஸிலோ கழன்று போயிருக்கும், யாரும் திருப்பி மாட்டியிருக்க மாட்டார்கள். அது இல்லாமலும் கார் ஓடும். ஆனால் கேஸ்கெட் நிற்காது.

கேஸ்கெட் தானே சூட்டைக் கூட்டும் விதம்

இன்டேக்குக்கும் எக்ஸாஸ்டுக்கும் ஒரே கேஸ்கெட் என்றேன். அதனால் ஒரு விஷச் சுழல் உருவாகலாம். கோடி தளர்ந்தால் இன்டேக் பக்கமும் காற்றை உறிஞ்சலாம். உறிஞ்சினால் அந்தச் சிலிண்டரின் கலவையில் பெட்ரோல் பங்கு குறையும். கொஞ்சம் வளம் கூட வைத்திருந்த கலவை மெலியும்போது புகையின் சூடு ஏறும். சூடு ஏறினால் மேனிஃபோல்டு இன்னும் நீளும், இன்னும் வளையும், பிடி இன்னும் தளரும்.

இக்னிஷன் டைமிங் தாமதமாக இருந்தாலும் இதே கதை. எரிய வேண்டியது சிலிண்டருக்குள் எரிந்து முடியாமல், எரிந்துகொண்டே வெளியே வரும். வேலையாக மாற வேண்டிய வெப்பம் மேனிஃபோல்டுக்குப் போகும். இரவில் பானட்டைத் திறந்தால் இரும்பு செக்கச்செவேல் என்று தெரிகிறது என்றால் கேஸ்கெட்டுக்கு முன் டைமிங்கையும் கார்புரேட்டரையும் பாருங்கள்.

சத்தத்தை வைத்துப் பிரித்தறிவது

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' கேட்டு, ஐந்து பத்து நிமிஷத்தில் சூடேறியதும் அடங்கிவிட்டால் வளைந்த மேனிஃபோல்டு என்று சந்தேகப்படலாம். குளிரில் விலகி நிற்கும் கோடி சூட்டில் ஹெட்டோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது. "சூடானா சரியாயிடுது சார்" என்பது ஆறுதல் இல்லை, அறிகுறி.

குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி சத்தம் என்றால் உடைந்த ஸ்டட் அல்லது ஓட்டையான கேஸ்கெட். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் 'பர்ர்' என்று வந்தால் கீழ்க்குழாய் இணைப்பையும் எஞ்சின் மவுண்ட்டையும் பாருங்கள். ஐடிலிங் ஏறி இறங்குகிறது, எக்ஸாஸ்ட் சத்தமே இல்லை என்றால் இன்டேக் பக்கம்.

இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி: எஞ்சினை நிறுத்தி ஆறவைத்து, வாக்குவம் கிளீனரின் காற்று வெளியே வரும் பக்கத்தை சைலன்சர் வாயில் வைத்து ஊதவிட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பதற்கு இது ஒரு சொந்தக்காரன்.

சரிசெய்யும் வரிசை

முதலில் கழற்றுவது. நட்டுகளில் முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். ஸ்டட் உடைந்து உள்ளே நின்றுவிட்டால் துளைபோட அவசரப்படாதீர்கள். நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் ஒரு நட்டை வெல்டிங் செய்து மெதுவாகத் திருப்பலாம். வெல்டிங் சூட்டில் அலுமினியம் எஃகை விட அதிகம் விரிவதால் பிடி இளகும். மரை போய்விட்டால் ஹெலிகாயில் போடலாம்.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. 1970களின் கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் சகஜம். உலர்வாகச் சுரண்டாதீர்கள், கம்பி பிரஷ்ஷை மெஷினில் மாட்டித் தேய்க்காதீர்கள், காற்றடித்து ஊதாதீர்கள். நனைத்து, முகமூடி போட்டு, ஈரத்தோடு வழித்துப் பையில் கட்டிவிடுங்கள்.

அடுத்தது அளவு. ஸ்ட்ரெயிட் எட்ஜ் ஒன்றை மேனிஃபோல்டு முகத்தில் நீளவாக்கில் வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். ஹெட் பக்கமும் அதேபோல. நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: 0.1 மி.மீ. தகடு நுழையவில்லை என்றால் விடலாம், 0.2 நுழைந்தால் சீவ வேண்டும். சீவினால் அப்புறம் வாஷர் பிரச்சினை வரும், எனவே இரண்டு ஃபிளேஞ்சின் தடிமனையும் அப்போதே அளந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, கேஸ்கெட் இல்லாமல் மேனிஃபோல்டை ஸ்டட்டுகளில் கையால் மாட்டிப் பாருங்கள். தட்டாமல், நெம்பாமல் போய் உட்கார வேண்டும். கோடிகள் இடித்தால் கோடித் துளைகளை மட்டும் நீளவாக்கில் சற்று அகலப்படுத்துங்கள். நடுத்துளைகளைத் தொட வேண்டாம். நடு பிடித்துக்கொள்ள வேண்டும், கோடிகள் வழுக்கிக்கொள்ள வேண்டும். சூட்டில் நீளும் இரும்புக்குப் போக இடம் கொடுப்பதுதான் இந்த வேலையின் சாரம். ரயில் பாலத்தின் ஒரு முனையை உருளை மேல் வைப்பதும் இதற்காகத்தான்.

நாலாவது, சரியான கேஸ்கெட். இந்தக் குடும்பத்தில் ஹெட்டுகள் பல வகை. 240இசட்டின் இ31, இ88 ஹெட்டுகளிலும் பிறகு வந்த என்42-விலும் எக்ஸாஸ்ட் துளை சதுரம். என்47, பி79 ஹெட்டுகளில் உள்ளே உறை வைத்த வட்டத் துளை. ஐம்பது வருஷத்தில் ஹெட் மாறியிருக்கலாம். எனவே காரின் வருஷத்தைச் சொல்லி வாங்காமல் ஹெட்டில் வார்த்திருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கேஸ்கெட் ஓரம் துளைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அது எரிந்து தொடங்கி வைக்கும். எக்ஸாஸ்ட் பக்கம் சாதாரண சிலிக்கான் பசை பூசுவதும் வேண்டாம். அந்தச் சூட்டில் கருகிப் பொடியாகி, இருந்த இடத்தில் இடைவெளியை விட்டுப் போய்விடும்.

ஐந்தாவது, இறுக்குவது. நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி வெளியே போங்கள். ஒரே மூச்சில் இல்லாமல் மூன்று சுற்றாக. எண், ஒர்க்‌ஷாப் மேனுவல் சொல்லும் எண். ஒருமுறை நன்றாகச் சூடேற்றி, முழுதாக ஆறவிட்டு, மறுபடி ஒரு சுற்று. கிராஃபைட் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும், இந்தச் சுற்றைத் தவிர்த்தால் செய்த வேலையெல்லாம் அரைகுறை.

ஆறாவது, எஞ்சின் மவுண்ட், கியர்பாக்ஸ் பக்க பிராக்கெட், டைமிங், கார்புரேட்டர். இவை நாலையும் பார்க்காமல் பானட்டை மூடாதீர்கள்.

ஏன் தள்ளிப்போடக் கூடாது

"சத்தம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று ஓட்டுகிறவர்கள் உண்டு. சத்தத்தோடு கார்பன் மோனாக்சைடும் வருகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் காலக் கார்களில் இருப்பது போன்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 240இசட்டில் கிடையாது, எனவே புகையில் இதன் அளவும் அதிகம். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டில் பழைய ரப்பர்கள் காய்ந்து விழுந்த துளைகள் இருக்கும். போதாததற்கு இந்த மாடலில் பின்கதவு ரப்பர் தளர்ந்தால் ஓடும்போது வெளிப்புகையை உள்ளே இழுக்கும் வழக்கமும் உண்டு. நீண்ட பயணத்தில் தலைவலி, மந்தம், தூக்கக் கலக்கம் வந்தால் வயதின் மேல் பழி போடாமல் கண்ணாடியை இறக்கிவிட்டு, வண்டியை ஓரம் கட்டி வெளியே இறங்கிவிடுங்கள்.

இன்னொன்று, கார்புரேட்டர்கள் கசியும் இடத்துக்கு நேர் மேலே இருக்கின்றன. நடுவில் ஒரு வெப்பத் தடுப்புத் தகடு மட்டும்தான். தளர்ந்த ஃபிளேஞ்சிலிருந்து சீறும் நெருப்புக் காற்றும் சொட்டும் பெட்ரோலும் ஒரு சாண் தூரத்தில் இருப்பது யாருக்கும் நல்லதில்லை.

அடுத்த கேஸ்கெட்டுக்கு ஆர்டர் போடும்போது கூடவே ஒரு நல்ல ஸ்ட்ரெயிட் எட்ஜ், ஒரு ஃபீலர் கேஜ், பேட்டரியில் ஓடும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம், இந்த மூன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். முதல் இரண்டும் கேஸ்கெட் ஏன் போகிறது என்று சொல்லும். மூன்றாவதை, வேலை முடியும் வரை டேஷ்போர்டு மேல் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.